உலாவியின் மடியில் ஒரு சுருக்குப்பை

தேடிய பக்கம் இல்லையென்றால் திரையில் 404 என்னும் எண் தோன்றுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதற்கு இரண்டு எண் முன்னால் 402 என்றொரு எண் இருப்பதைக் கண்டவர் மிகச் சிலரே. 'கட்டணம் தேவை' என்பது அதன் பொருள். வலைப்பக்கங்களைக் கேட்கவும் அனுப்பவும் கணினிகள் கைக்கொள்ளும் எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையில், 1990களின் தொடக்கத்திலேயே இவ்வெண் இடம்பெற்றுவிட்டது. 1997-இல் அந்நெறிமுறையின் 1.1 பதிப்பு வெளியானபோது, 'எதிர்காலப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது' என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி மட்டும் இதற்கு எழுதப்பட்டது. 2022-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆவணத்திலும் அதே நிலைதான்.

வீடு கட்டும்போதே பணப்பெட்டிக்கென்று சுவரில் ஒரு மாடம் விட்டிருக்கிறார்கள். பெட்டிதான் வந்து சேரவில்லை. அந்த மாடத்தில் யார் யார் என்னென்ன பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள் என்பதையும், கடைசியில் கிரிப்டோ நாணயப் பணப்பை எவ்வாறு உலாவிக்குள் வந்து அமர்ந்தது என்பதையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். நாணயச் சந்தையின் ஏற்ற இறக்கம் இங்கே நமது பொருள் அன்று. வாசிப்பவருக்கும் எழுதுபவருக்கும் நடுவில் நிற்கும் கருவி உலாவி. எழுதுபவருக்கான கூலியை யார் தருவது என்ற பழைய கேள்விக்கு இந்தப் பை விடை கொண்டுவந்ததா என்பதே நமது அக்கறை.

பெட்டி வராத காலம்

இக்கேள்வி வலையைக் காட்டிலும் மூத்தது. 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்னும் சொல்லை உருவாக்கிய டெட் நெல்சன், 1960-இலேயே 'சனாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் எழுத்துகள் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் இன்னொருவரின் நூலிலிருந்து ஒரு பத்தியை எடுத்தாண்டால், அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மூல ஆசிரியருக்குச் சிறு தொகை தானாகவே போய்ச் சேரும் என்பது அவருடைய கனவு. 1981-இல் வெளியிட்ட 'லிட்டரரி மெஷின்ஸ்' என்னும் நூலில் இதை அவர் விரித்து எழுதினார். தலைப்பே 'இலக்கிய இயந்திரங்கள்' என்று பொருள்படுவது. கணினியை இலக்கியத்தின் கருவியாகக் கண்ட முன்னோடிகளில் ஒருவர், ஆசிரியரின் கூலியை அக்கருவியின் அடித்தளத்திலேயே வைக்க நினைத்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

சனாடு கனவாகவே நின்றது. 1989-இல் ஸெர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வலை வென்றது. அதில் இணைப்பு உண்டு, கணக்கு வழக்கு இல்லை. 1993 ஏப்ரல் 30 அன்று ஸெர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வலை காட்டுத்தீயாய்ப் பரவியதற்கு இந்த ஈகையும் ஒரு காரணம். காசு கேட்கும் வழி அதற்குள் இல்லாமற் போனது அந்த எளிமையின் மறுபக்கம்.

1994-இல் தொடங்கிய நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவிதான் பொதுமக்களிடம் வலையைக் கொண்டுசேர்த்தது. கடன் அட்டை எண்ணை ஒளித்து அனுப்புவதற்கான எஸ்.எஸ்.எல். முறையை அந்நிறுவனம் உருவாக்கியது. வாங்குபவரின் கடைக்கூடையில் என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைக்க, அதன் பொறியாளர் லூ மான்டுல்லி 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உலாவியில் பதிக்கும் முறையைக் கண்டார். இவை இரண்டும் பெரிய கொள்முதலுக்கு உதவின. ஆனால் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு எட்டணா தருவதற்கு அட்டை உதவாது. தரகே எட்டணாவை விழுங்கிவிடும்.

வேறொரு வழி அதற்குள் திறந்துகொண்டது. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்ட்' இதழின் தளத்தில் ஏ.டி.&டி. நிறுவனத்தின் பட்டை விளம்பரம் தோன்றியது. வாசகரிடம் காசு வாங்க வழியற்ற தளங்கள், வாசகரின் கண்களை விற்கத் தொடங்கின. கடைக்கூடைக்காகப் பிறந்த குக்கி, தளம் தளமாக வாசகரைப் பின்தொடரும் ஒற்றனாக மாறியது. நெட்ஸ்கேப் நிறுவனர்களுள் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன், உலாவிக்குள் பணம் செலுத்தும் வசதியைக் கட்டாமல் விட்டதை இணையத்தின் 'மூலப் பாவம்' என்று பிற்காலத்தில் கூறினார். ஆய்வாளர் ஈத்தன் ஸக்கர்மன் 2014-இல் எழுதிய கட்டுரையில் அதே சொல்லை விளம்பரத்துக்குச் சூட்டினார். இருவரும் ஒரே பள்ளத்தின் இரு கரைகளில் நின்று பேசியவர்களாகவே நமக்குத் தோன்றுகிறது.

உடைந்த முதல் பைகள்

முயற்சிகள் இல்லாமல் இல்லை. மறையீட்டியல் அறிஞர் டேவிட் சாம், 1980களின் தொடக்கத்தில் 'குருட்டுக் கையெழுத்து' என்னும் முறையைக் கண்டார். உள்ளே கரித்தாள் வைத்து ஒட்டிய உறையின்மேல் வங்கி கையெழுத்திடுகிறது. கையெழுத்து உள்ளிருக்கும் தாளில் பதிகிறது. தாளின் எண்ணை வங்கி பார்ப்பதில்லை. பின்னாளில் அத்தாள் பணமாகத் திரும்பி வரும்போது 'இது நம் கையெழுத்துதான்' என்று வங்கி ஒப்புக்கொள்ளும். யாருக்குக் கொடுத்தது என்பதைச் சொல்ல இயலாது. ரொக்கப் பணத்துக்கு உள்ள மறைவை மின்பணத்துக்கும் தந்த அழகிய கணிதம் அது. அதைக் கொண்டு ஆம்ஸ்டர்டாமில் டிஜிகேஷ் என்னும் நிறுவனத்தை நடத்தினார். 1995-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மார்க் ட்வெயின் வங்கி அந்த மின்காசை வெளியிட்டது. எழுத்தாளரின் பெயர் தாங்கிய வங்கியிலிருந்து அது வந்தது ஒரு சுவையான தற்செயல். 1998-இல் டிஜிகேஷ் திவாலானது.

மைக்ரோசாஃப்ட் 1997-இல் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உலாவியோடு 'வாலட்' என்ற பெயரிலேயே ஒரு பையைத் தந்தது. அட்டை எண்களையும் முகவரிகளையும் சேமித்து வைக்கும் பை அது. சைபர்கேஷ் என்னும் மற்றொரு நிறுவனம் 2001-இல் திவாலானது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. பை இருந்தது; அந்தப் பையிலுள்ள காசை ஏற்கும் கடை போதுமான அளவு இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளர் வரட்டும் என்று காத்திருந்தார். வாடிக்கையாளர் கடைகள் வரட்டும் என்று காத்திருந்தார். நடுவில் நின்ற நிறுவனம் மூழ்கியபோது அதன் காசும் சேர்ந்து மூழ்கியது.

நிறுவனமே இல்லாத நாணயம்

நடுவில் நிற்கும் நிறுவனம் இல்லாவிட்டால் மூழ்குவதற்கும் ஒன்றுமில்லை அல்லவா? 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான பிட்காயின் ஆவணம் இந்த எண்ணத்தையே செயலாக்கிக் காட்டியது. 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் தொகுதி உருவானது. பேரேடு ஒன்று, அதன் படிகள் பல ஆயிரம் கணினிகளில், எந்த ஒரு கணினி நின்றாலும் பேரேடு நிற்காது.

இங்கே 'பணப்பை' என்னும் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அந்தப் பைக்குள் நாணயம் ஏதும் இல்லை. நாணயக் கணக்கு பொதுப் பேரேட்டில் இருக்கிறது. பையில் இருப்பது அக்கணக்கிலிருந்து பணத்தை நகர்த்தக் கையெழுத்திடும் தனிச்சாவி. மிகப் பெரிய ஓர் எண். எண்ணை வைத்திருப்பவரே உடைமையாளர். ஆகவே பை என்பதைவிடச் சாவிக்கொத்து என்பதே பொருந்தும். வழக்கில் ஊன்றிவிட்டதால் நாமும் பை என்றே சொல்லிச் செல்கிறோம்.

2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கிய எதிரியம் வலையமைப்பு, பேரேட்டில் கணக்கோடு நிரல்களையும் எழுதி வைக்க இடம் தந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேவின் வுட், 2014-இலேயே 'வெப் 3.0' என்று பெயரிட்டு ஒரு புதிய வலையைக் கற்பனை செய்திருந்தார். அத்தகைய வலைக்குப் புதிய உலாவி வேண்டும் என்று எதிரியம் அறக்கட்டளை உருவாக்கியதே 'மிஸ்ட்'. பணப்பையைப் பிறப்பிலேயே தாங்கி வந்த உலாவி என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அதைத் திறந்தவுடன் பேரேடு முழுவதையும் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆயின. மேலும் மிஸ்ட் குரோமியம் உலாவிப் பொறியின்மேல் இன்னொரு அடுக்காகக் கட்டப்பட்டிருந்தது. குரோமியத்தில் ஓட்டை கண்டு அடைக்கப்பட்ட பின்னும் அந்தத் திருத்தம் மிஸ்டுக்கு வந்துசேரக் காலதாமதமாகும். 2017 டிசம்பரில் இத்தகைய ஓட்டை பற்றி அதன் பொறியாளர்களே எச்சரிக்கை விடுத்தனர். பணம் இருக்கும் வீட்டுக்குப் பூட்டு தாமதமாக வருவது எவ்வளவு ஆபத்து என்பதை உணர்ந்து, 2019 மார்ச்சில் அத்திட்டத்தை நிறுத்திக்கொண்டனர்.

இதற்குள் 2016-இல் மெட்டாமாஸ்க் வந்துவிட்டது. நரி முகத்தைச் சின்னமாகக் கொண்ட இது தனி உலாவி அன்று. குரோம் போன்ற உலாவிகளில் ஒட்டிக்கொள்ளும் நீட்சி. பேரேட்டை இறக்கத் தேவையில்லை; தொலைவிலுள்ள வழங்கி ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இந்த எளிமையால் அது பரவியது. விலையும் உண்டு. நீட்சி என்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் போட்ட கடை. 2018 ஜூலையில் கூகுள் தன் நீட்சிக் கடையிலிருந்து மெட்டாமாஸ்கைத் தவறுதலாகச் சில மணி நேரம் நீக்கிவிட்டது. அதே கடையில் பெயரும் முகமும் திருடிய போலிப் பைகள் பெருகின. 2020 ஏப்ரலில் அத்தகைய 49 போலி நீட்சிகள் நீக்கப்பட்டன. தொலைவிலுள்ள வழங்கியும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2022 மார்ச்சில் தடைப்பட்டியலை அமைப்பதில் அந்நிறுவனத்தில் நேர்ந்த பிழையால், வெனிசுவேலா முதலான இடங்களில் இருந்தோர் தம் பையைத் திறக்க முடியாமல் நின்றனர். நடுவர் இல்லாத நாணயத்துக்குள்ளும் நடுவர் வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

சிங்கத்தின் கணக்கு

நீட்சி வேண்டாம், பை உலாவியின் உடம்பிலேயே இருக்கட்டும் என்னும் வாதம் வலுப்பெற்றது இவ்வாறுதான். அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதத்தில் பத்து நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நெட்ஸ்கேப்புக்காக உருவாக்கியவர் அவர். விளம்பரங்கள் வாசகரைப் பின்தொடர உதவும் நிரல்கள் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்படுகின்றன. தான் பெற்ற பிள்ளையின் போக்கைத் திருத்த வந்தவரைப் போல, 2015-இல் பிரேவ் நிறுவனத்தைப் பிரையன் பாண்டியுடன் சேர்ந்து தொடங்கினார். சிங்க முகச் சின்னம் கொண்ட அவ்வுலாவி 2016 ஜனவரியில் அறிமுகமானது.

பிரேவின் கணக்கு இது. தளத்து விளம்பரங்களை உலாவி தடுக்கும். வாசகர் விரும்பினால் தனிமறைவைக் குலைக்காத விளம்பரங்களை உலாவியே காட்டும். அந்த வருவாயில் வாசகருக்கும் பங்கு. அவர் அதைத் தாம் படிக்கும் தளங்களுக்கு அளிக்கலாம். நெல்சனின் கனவு வேறொரு சட்டையணிந்து திரும்பி வந்தது போல் இருந்தது. பத்திரிகைகள் அவ்வாறு கருதவில்லை. 2016 ஏப்ரலில் அமெரிக்கச் செய்தித்தாள் நிறுவனங்கள் 17 ஒன்றுசேர்ந்து, தங்கள் விளம்பரத்தை அகற்றிவிட்டுப் பிறர் விளம்பரத்தை வைப்பது சட்டவிரோதம் என்று பிரேவுக்கு மடல் அனுப்பின.

தொடக்கத்தில் பிரேவ் பிட்காயினைப் பயன்படுத்திப் பார்த்தது. பிட்காயினின் அனுப்புக் கட்டணம் ஏறியபோது சிறு தொகை தருவது பொருளற்றதாயிற்று. அட்டைத் தரகின் பழைய கதையே புதிய உருவில் எதிரில் நின்றது. எனவே 2017 மே 31 அன்று எதிரியத்தின்மேல் 'பேட்' என்னும் தன் சொந்த வில்லையை விற்றது. ஏறக்குறைய 3.5 கோடி டாலர் அரை நிமிடத்துக்குள் திரண்டது. அந்த அரை நிமிடத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வாசகர் எழுத்தாளருக்கு எட்டணா கொடுக்கப் பிறந்த வில்லையை, பிறந்த அன்றே வாங்கிக் குவித்தவர்கள் வாசகர்கள் அல்லர். விலை ஏறும் என்று நம்பியவர்கள். கூலியாக வேண்டிய காசு, பிறப்பிலேயே சரக்காகிவிட்டது.

2018 டிசம்பரில் இன்னொரு சிக்கல் எழுந்தது. பிரேவில் சேராத படைப்பாளிகளின் பெயராலும் நன்கொடை திரட்டப்படுவதைப் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு காணொளிப் படைப்பாளர் கண்டு, தம் இசைவின்றித் தம் பெயரையும் படத்தையும் காட்டி இது நடப்பதாகப் பொதுவெளியில் கூறினார். பிரேவ் தன் முறையை மாற்றிக்கொண்டது. 2020 ஜூனில், பயனர் சில நாணயச் சந்தைகளின் முகவரியைத் தட்டும்போது பிரேவ் தன் தரகுக் குறியீட்டைத் தானாகவே சேர்த்துவிடுவது வெளிப்பட்டது. ஐக் மன்னிப்புக் கோரினார். இதில் கைமாறிய தொகை பெரிதன்று. வாசகர் தட்டும் முகவரியை உள்ளவாறே கொண்டுசேர்ப்பது உலாவியின் முதற்கடமை. மடியில் பை வந்தவுடன் அக்கடமையில் கை தடுமாறியது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

2021 நவம்பரில் நீட்சியின் துணையின்றி உலாவியிலேயே அமைந்த பணப்பையைப் பிரேவ் வெளியிட்டது. போலி நீட்சிகளின் தொல்லைக்கு இது மெய்யான தீர்வு. ஆனால் விளம்பரப் பங்காக வந்த வில்லையை எடுத்துச் செல்ல, நெடுங்காலம் வரை அடையாளச் சான்று கேட்கும் வேறொரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. மறைவைக் காக்க வந்த உலாவியின் பையில் காசை எடுக்க, முகத்தைக் காட்ட வேண்டிய நிலை.

ஓபராவும் அதை விட்டுச் சென்றவரும்

ஓபரா என்னும் பெயர் தமிழ் வாசகர்க்கு நெருக்கமானது. பொத்தான் கைப்பேசிக் காலத்தில், தமிழ் எழுத்துரு இல்லாத கருவியிலும் ஓபரா மினியின் உள்ளமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால், எழுத்துகள் படங்களாக வந்திறங்கும். பேருந்துப் பயணங்களில் அவ்வாறு தமிழ்ப் பக்கங்களைப் படித்தவர்கள் நம்மில் பலர். நார்வேயில் பிறந்த அந்த உலாவியை 2016-இல் சீன முதலீட்டாளர் குழு ஒன்று வாங்கியது. 2018 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கான ஓபரா, எதிரியப் பணப்பையைத் தன்னுள்ளேயே கொண்டு வெளிவந்தது. 2019 ஏப்ரலில் கணினிக்கான ஓபராவும் தொடர்ந்தது. பரவலாகப் புழங்கிய பழைய உலாவி ஒன்று இதைச் செய்தது அதுவே முதன்முறை.

2023 செப்டம்பரில் ஓபரா மினிக்குள் 'மினிபே' என்னும் பை நைஜீரியாவில் அறிமுகமானது. டாலரின் மதிப்போடு கட்டப்பட்ட நிலைநாணயத்தைக் கைப்பேசி எண்ணுக்கே அனுப்பலாம். கட்டணம் மிகச் சிறிது. அதே ஆண்டு ஜூனில் நைஜீரியாவின் நாணயமான நைரா பெரும் மதிப்பிழந்திருந்ததை நினைத்தால் இப்பையின் பொருள் விளங்கும். அங்கே ஒருவர் இதைத் திறப்பது சூதாடுவதற்காக இருக்க வேண்டியதில்லை. சேமிப்பு கரையாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம். இந்தப் பைகளை வெறும் மோசடி என்று தள்ளிவிட நாம் தயங்குவதற்கு இதுவே காரணம்.

ஓபராவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான யோன் வான் டெட்ஷ்னர் அதிலிருந்து விலகி விவால்டி என்னும் உலாவியை நடத்துகிறார். 2022 ஜனவரியில் அவர் விரிவாக எழுதி, தம் உலாவியில் கிரிப்டோ பணப்பையோ சொந்த நாணயமோ ஒருபோதும் இடம்பெறாது என்று அறிவித்தார். சூதாட்டத் தன்மையும் மின்சார வீணடிப்பும் அவர் சுட்டிய காரணங்களில் அடங்கும். அதே மாதத்தில் மொஸில்லா அறக்கட்டளை, கிரிப்டோ நாணயத்தில் நன்கொடை பெறுவதை நிறுத்திவைத்தது. மொஸில்லாவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜேமி ஸவின்ஸ்கி கடுமையாகச் சாடியது அதற்கு உடனடித் தூண்டுதல். 1990களில் உலாவிகளைக் கட்டிய அதே தலைமுறை, முப்பது ஆண்டு கழித்து இந்தப் பையின் இரு பக்கங்களிலும் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

பன்னிரண்டு சொற்கள்

பையின் சாவியை இழந்தால் முறையிட வாசல் இல்லை. வங்கியில் மேலாளர் உண்டு. இங்கே எவரும் இல்லை. சாவி என்னும் அந்த நீண்ட எண்ணை மனிதர் எழுதிவைக்க இயலாதென்பதால், 2013-இல் ஒரு மரபு வகுக்கப்பட்டது. 2048 சொற்கள் கொண்ட பட்டியல். அதிலிருந்து பன்னிரண்டோ இருபத்து நான்கோ சொற்கள். அவற்றின் வரிசையே சாவி. ஆங்கிலப் பட்டியலின் முதற்சொல் 'கைவிடு' என்றும் கடைசிச் சொல் 'விலங்குக் காட்சிசாலை' என்றும் பொருள்படுவன. முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே எச்சொல்லையும் பிரித்தறியலாம். ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்ச்சுக்கீசியம் ஆகிய மொழிகளிலும் பட்டியல்கள் உண்டு. அந்த மரபின் பட்டியல்களில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவும் இல்லை. ஒருவரின் வாழ்நாள் சேமிப்பைத் தாங்கும் சொற்கள், அவர் அறியாத மொழியின் சொற்களாக இருக்க நேர்வதைச் சிறு குறையென்று நம்மால் கடந்துபோக இயலவில்லை.

பன்னிரண்டு சொற்களுக்குள் அடங்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. குருட்டு முயற்சியால் எவராலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் சொற்கள் மெய்யாகவே குலுக்கிப் போட்டு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1995 செப்டம்பரில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான இயன் கோல்ட்பெர்க்கும் டேவிட் வாக்னரும் நெட்ஸ்கேப் உலாவியை ஆராய்ந்தபோது, அதன் மறையீட்டுச் சாவிகள் கணினியின் கடிகார நேரம் முதலிய ஊகிக்கத்தக்க எண்களிலிருந்து பிறப்பதைக் கண்டு உடைத்துக் காட்டினர். 27 ஆண்டுகளுக்குப் பின், 2022 நவம்பரில் டிரஸ்ட் வாலட் என்னும் உலாவி நீட்சியில் அதே வகைப் பிழை நேர்ந்தது. அந்நாள்களில் அதில் உருவான சாவிகளுக்கு 39 இலக்க வாய்ப்புகளுக்குப் பதிலாகச் சுமார் 429 கோடி வாய்ப்புகளே இருந்தன. கணினிக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஏறக்குறைய 1,70,000 டாலர் களவு போனது. இழந்தவர்கள் சொற்களைப் பத்திரமாகவே வைத்திருந்தார்கள். பிழை குலுக்கிய கையில் இருந்தது.

வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையிலான சிறு கட்டணத்துக்கென்றே 2018-இல் காயில் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டெஃபான் தாமஸின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. மாதம் ஒரு தொகை செலுத்தினால், படிக்கும் நொடிகளுக்கேற்பத் தளங்களுக்குக் காசு சொட்டும் முறை அவருடையது. 2023-இல் காயில் மூடப்பட்டது. அவரோ 7,002 பிட்காயின்களின் சாவியை ஒரு மறைபூட்டுக் கருவியில் வைத்துவிட்டு, அதன் கடவுச்சொல்லை மறந்தவர் என்பது 2021-இல் உலகறிந்த செய்தியாயிற்று. துறையின் உள்ளிருக்கும் வல்லுநருக்கே இந்நிலையென்றால், ஏனையோர் தலையில் ஏற்றப்படும் பாரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மினிபே போன்ற பிற்காலப் பைகள் சாவியின் காப்பைக் கூகுள் கணக்கில் வைக்க வழிசெய்தது இதனால்தான். அதன் பயனாக, பெருநிறுவனத்தை விட்டு ஓடிய சாவி பெருநிறுவனத்தின் வீட்டுக்கே திரும்பியது.

மாடத்தில் விளக்கு

402-க்கு வருவோம். 2025 மே மாதத்தில் காயின்பேஸ் நிறுவனம் 'எக்ஸ்402' என்னும் நெறிமுறையை வெளியிட்டது. நிரல் ஒன்று பக்கத்தைக் கேட்கும். வழங்கி 402 என்று விடையளித்து விலையைச் சொல்லும். நிரல் நிலைநாணயத்தில் செலுத்திவிட்டுப் பக்கத்தைப் பெறும். அதே ஆண்டு ஜூலையில் கிளவுட்ஃப்ளேர், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தேடுபொறிச் சிலந்திகளிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்க அதே எண்ணைக் கையிலெடுத்தது. மாடத்தில் விளக்கேறியிருக்கிறது. விந்தை என்னவென்றால், அந்த வாசலில் காசோடு வந்து நிற்கப்போகிறவர் வாசகர் அல்லர். வாசகருக்குப் பதிலாகப் படிக்கும் இயந்திரம்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் நமக்குத் தெளிவது இது. எழுதுபவருக்குச் சிறு கூலி என்னும் தேவையிலிருந்தே உலாவிக்குப் பை வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. பை வந்தது. நாணய வணிகத்துக்கும், சில நாடுகளில் சேமிப்பைக் காப்பதற்கும் அது பயன்பட்டது. எழுதுபவரின் கூலியோ இன்னும் விளம்பரத்திடமும் வாசகரின் நன்கொடையிடமும்தான் இருக்கிறது. காசின் வடிவம் மாறினால் கொடுக்கும் வழக்கமும் தானே வந்துவிடும் என்று ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் நம்பினார்கள். கொடுக்கும் வழக்கம் வாசகர் சமூகத்தில் வளர வேண்டியது. அதற்கு நிரல் எழுத இயலாது. தமிழில் எழுதுபவர் ஒருவர் இத்தகைய வில்லைகளைப் பெற்று விற்றாலும், 2022 ஏப்ரல் முதல் இந்தியச் சட்டம் அந்த இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கிறது. அவருடைய எட்டணாவும் சூதாட்டக்காரரின் கோடியும் அங்கே ஒரே பேரேட்டில் ஏறுகின்றன.

ஆகவே, உலாவி ஒன்று பையோடு வரும்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது? பையை நமக்கு இலவசமாகத் தந்தவருக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? சாவி தொலைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? விடை தெரியாதவரை அந்தப் பையைத் திறக்காமல் வைத்திருப்பதால் இழப்பேதும் இல்லை. படிப்பதற்கு அது தேவைப்படுவதுமில்லை. நமக்கு உவப்பான எழுத்தை இணையத்தில் தருபவருக்கு ஏதேனும் தர விரும்பினால், அவருடைய நூலை விலை கொடுத்து வாங்கும் பழைய வழி இன்றும் திறந்தே இருக்கிறது.